கால்நடை மருத்துவப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? ஒரு பெண்ணாக, படித்து முடித்து என்ன செய்ய விரும்புகிறீர்கள்?

நான் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்களுடையது ராமநாதபுரம் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாகச் செம்மறி ஆடு வளர்க்கும் குடும்பம். அப்பா ஒரு கீதாரி, அதாவது ஆட்டு மந்தைகளை வழிநடத்திச் செல்பவர். தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் நாலைந்து குடும்பங்களின் ஆடுகளை ஒன்றாக ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கம் போவார். அறுத்த வயல்களில் இரவுதோறும் கிடை போட்டு, ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு எருவாவதற்கு ஈடாக நிலத்துக்காரர்கள் கொடுக்கும் பணத்தையோ நெல்லையோ பெற்றுக்கொண்டு, அடுத்த நடவு தொடங்கும் வரை ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருப்பார். மருத்துவராக வேண்டும் என்ற ஆசை எனக்கு அந்தக் கிடையில்தான் பிறந்தது.

எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் கும்பகோணம் பக்கம் இருந்த எங்கள் கிடைக்குப் போயிருந்தேன். முதலில் ஒரு வெள்ளாட்டுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. மூன்றாம் நாள் சளி காய்ந்து மூக்கோரம் பொருக்குத் தட்டியது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறெல்லாம் தவிடு ஒட்டியதுபோல் வெளுத்த புண். அதன் பிறகு கழிச்சல் தொடங்கியது. வெள்ளாடுகளிடமிருந்து செம்மறிகளுக்கும் பரவியது. குட்டி போட ஒரு மாதமே இருந்த சினை ஆடுகள் கன்று வீசின என்று சொல்வதா, குட்டியை இழந்தன என்று சொல்வதா தெரியவில்லை. காலையில் எழுந்தால் கிடைக்குள் முடி கூடச் சரியாக முளைக்காத குட்டிகள் கிடந்தன. 12 நாட்களில் 63 ஆடுகள் போயின. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாயைப் போன வருடம் வெட்டாமல் விட்டதுதான் காரணம் என்று அப்பத்தா அழுதுகொண்டே இருந்தார்.

நிலத்துக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பியதில் பக்கத்து ஊரிலிருந்து கால்நடை மருத்துவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஓய்வு பெறும் வயதை ஒட்டியவர். இறந்து ஓரிரு மணி நேரமே ஆகியிருந்த ஓர் ஆட்டை வரப்போரம் இழுத்துப் போட்டு அறுத்து, பெருங்குடலைப் பிளந்து எங்களை அருகே அழைத்தார். குடலின் உட்புறத்தில் வரிக்குதிரையின் உடம்பில் இருப்பதுபோல் சிவப்பு வரிகள் நீளவாக்கில் ஓடின. "இது சாமி குத்தம் இல்லம்மா, ஆட்டுக்கொல்லி நோய். ஊசி போட்டிருந்தா வந்திருக்காது" என்று அவர் அப்பத்தாவைப் பார்த்துச் சொன்னார். அந்த வரிகளை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்த அத்தனைக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தடுப்பூசி ஏன் போடவில்லை என்று கேட்டால் அதற்கும் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் முகாம் நடந்த நாளில் எங்கள் ஆடுகள் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி நின்றன. தஞ்சைப் பக்கத்து ஊர்களில் முகாம் நடந்தபோது எங்கள் ஆடுகள் அந்த ஊர்களின் கணக்கில் இல்லை. யாரும் வேண்டுமென்று விட்டுவிடவில்லை. ஆனாலும் விடுபட்டுப் போனோம்.

பல ஆண்டுகள் கழித்து, கல்லூரியில் நுண்ணுயிரியல் வகுப்பில் இந்த நோயின் வரலாற்றைப் படித்தேன். இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அரசூரில்தான். அங்கே ஒரு செம்மறி ஆட்டிலிருந்து பிரித்தெடுத்த வைரஸை வலுவிழக்கச் செய்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. ஒருமுறை போட்டால் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு. இதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த மாட்டுக்கொல்லி நோய் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியை 2030க்குள் ஒழிக்க வேண்டும் என்று உலக அமைப்புகள் இலக்கு வைத்திருக்கின்றன. மருந்து நம் மண்ணிலேயே இருந்தும் எங்கள் கிடைக்கு அது வந்து சேரவில்லை என்பதை அந்தப் பாடத்தில்தான் முழுதாக உணர்ந்தேன். நான் செய்ய விரும்பும் வேலை எது என்பதும் அன்றே தெளிவாகிவிட்டது.

இடம் கிடைத்த கதை சிறியது. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் பாடங்களில் பெற்ற பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் அடிப்படை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் எனக்கு இடம் கிடைத்தது. பயிற்சி ஆண்டையும் சேர்த்து மொத்தம் ஐந்தரை ஆண்டுகள்.

பெண் என்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாட்டை அடக்கப் பலம் வேண்டாமா என்று எங்கள் உறவினர்களும் கேட்டார்கள். மாட்டை அடக்குவது கயிற்றைப் போடும் முறையில்தான் இருக்கிறது. ஆண் மருத்துவரும் தன் கைப் பலத்தால் ஒரு காளையைப் படுக்க வைப்பதில்லை. ஆடுகளைப் பொறுத்தவரை என் கை சிறியதாக இருப்பது உண்மையிலேயே உதவுகிறது. போன விடுமுறையில் ஒரு தலையீற்று ஆடு இரவு முழுவதும் முக்கியும் குட்டி வெளிவரவில்லை. தலையும் ஒரு காலும் தெரிந்தன, மற்றொரு கால் உள்ளே மடங்கியிருந்தது. அப்பாவின் கை நுழையவில்லை. நகம் வெட்டி, சோப்பால் முழங்கை வரை கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நான் கையை விட்டேன். ஆடு முக்காத நேரமாகப் பார்த்துக் குட்டியின் தலையை மெல்ல உள்ளே தள்ளி, மடங்கிய முழங்காலைத் தேடிப் பிடித்து, குளம்பு கருப்பையைக் கிழித்துவிடாமல் உள்ளங்கையால் மூடியபடியே காலை முன்னுக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகு ஆடு முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி இழுக்க, குட்டி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மூக்கில் வைக்கோல் துரும்பை விட்டதும் தும்மியது. அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆடு அசை போடவில்லை, ஒதுங்கி நிற்கிறது, புழுக்கை இளகியிருக்கிறது என்பதையெல்லாம் முதலில் கவனிப்பவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். ஆனால் மருத்துவர் வந்தால் பேசுவது ஆண்கள். அம்மாவுக்குத் தெரிந்ததை அம்மாவே என்னிடம் சொல்வதுபோல், மற்ற கிடைகளில் உள்ள பெண்களும் என்னிடம் தயங்காமல் சொல்வார்கள் என்று நம்புகிறேன். நோய் இரண்டு நாள் முன்னதாகத் தெரிந்தால் ஒரு கிடையில் எத்தனையோ ஆடுகள் பிழைக்கும்.

படித்து முடித்ததும் நகரத்தில் செல்லப்பிராணி மருத்துவமனை வைக்கச் சொல்லி நண்பர்கள் அறிவுரை சொல்கிறார்கள். அதுவும் தேவையான வேலைதான், வருமானமும் உண்டு. எனக்கோ ஆடுகள் போகும் வழியில் நானும் போகிற மருத்துவராக இருக்க வேண்டும். கிளம்பும் முன் ஆட்டுக்கொல்லிக்கு ஊசி. மழைக்கு முன் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கு ஊசி, ஏனென்றால் புதுப்புல் தின்றதும் நேற்று வரை துள்ளிய கொழுத்த குட்டிதான் முதலில் விழும். வாய்க்கால் ஓரம் மேய்ந்து நத்தை வழியாகத் தட்டைப்புழு ஏறித் தாடையின் கீழ் நீர் கோத்து ஊர் திரும்பும் ஆடுகளுக்குப் புழுக்கையைச் சோதித்து மருந்து. இவற்றில் எதுவும் அரிய வைத்தியம் அல்ல. ஆடு எங்கே நிற்கிறது என்று தெரிந்த ஒருவர் உரிய நாளில் அங்கே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

இப்போதே ஊருக்குப் போனால் ஊசி போடச் சொல்லிக் கேட்கிறார்கள். பட்டம் பெற்றுப் பதிவு செய்யும் வரை நான் மருத்துவம் பார்க்கக் கூடாது என்பதால் மறுத்துவிடுகிறேன். என்னால் முடிந்ததாக, எங்கள் ஊரிலிருந்து கிளம்பும் கிடைகள் எந்தத் தேதியில் புறப்படுகின்றன என்று எழுதி மாட்டாஸ்பத்திரி மருத்துவரிடம் முன்கூட்டியே கொடுத்தேன். போன மார்கழியில் இரண்டு நாள், பட்டியைத் திறப்பதற்கு முன்பாகவே விடியற்காலையில் அவர்கள் வந்து ஊசி போட்டார்கள். நான் ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு, ஊசி போட்ட ஆட்டின் முதுகில் சாயம் வைத்தபடி போனேன். ஒவ்வொரு கிடைக்கும் ஒரு நோட்டு வாங்கி, என்ன ஊசி, எந்தத் தேதி, எத்தனை ஆடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்த நோட்டை நெகிழிப் பையில் சுற்றித் தன் துணி மூட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் தையில் கிளம்பினார்.