முதல் வாயை நம்பாதீர்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனால் புதிதாக வந்திருக்கும் எதையும் விட்டுவிட்டு வர மனசு வருவதில்லை. புது ஃப்ளேவர் சிப்ஸ், புது சாக்லேட், கலர் கலராக ட்ரிங்க் என்று ட்ராலியில் போட்டுவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் பிரிப்போம். பாதிக்கு மேல் யாருக்கும் பிடிப்பதில்லை. அலமாரி முழுக்க ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட்டுகள். கணவர் “வீண் செலவு, உடம்புக்கும் கெடுதல்” என்று கோபப்படுகிறார். 10 வயது மகள் என் கட்சி. 14 வயது மகனோ இப்போது எனர்ஜி ட்ரிங்க் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். இந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிடவா? இப்படி ஆசைப்படுவது தப்பா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஆசைப்படுவதில் தப்பில்லை. அடியோடு விடவும் வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உறுத்தியது வேறு விஷயம். இவ்வளவு ஆசையாக வாங்கியதை நீங்கள் யாருமே ஒழுங்காக ருசி பார்ப்பதில்லை. ஒரே நாளில் எல்லாப் பாக்கெட்டையும் பிரிக்கிறீர்கள், ஆளுக்கு ஒரு வாய், உடனே தீர்ப்பு, அப்புறம் ரப்பர் பேண்ட். இதை மட்டும் மாற்றிக்கொண்டால் செலவும் குறையும், கணவரின் கோபமும் குறையும்.

புதுசு ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே ருசியைத் தொடர்ந்து சாப்பிடச் சாப்பிட அதன் மேலுள்ள ஆசை வடியும். பக்கத்தில் வேறு ருசி ஒன்று வந்ததும் ஆசை மறுபடி எழுந்துகொள்ளும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் இனிப்பைப் பார்த்தால் கை நீளுவது இதனால்தான். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பல வகைகளை முன்னால் வைத்தால் மனிதர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. ஆக, நான்கு புதுப் பாக்கெட்டை ஒரே மேசையில் பிரித்து வைத்தால் எல்லோரும் அதிகமாகத்தான் சாப்பிடுவீர்கள். எது நன்றாக இருந்தது என்பதும் மனசில் நிற்காது. ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் பிரியுங்கள்.

அடுத்து, முதல் வாய் விஷயம். இதற்கு உலகறிந்த உதாரணம் இருக்கிறது. 1975-ல் பெப்ஸி நிறுவனம் இரண்டு கோலாக்களைப் பெயர் தெரியாமல் சின்ன கப்பில் கொடுத்து, எது பிடித்திருக்கிறது என்று கேட்கும் போட்டியை ஆரம்பித்தது. பலர் சற்று இனிப்பு தூக்கலான பெப்ஸியைத் தேர்ந்தெடுத்தார்கள். கோகோ கோலா நிறுவனமும் தன் பங்குக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரிடம் ருசி பார்க்கக் கொடுத்து, 1985 ஏப்ரல் 23 அன்று தன் பழைய ருசியையே மாற்றி அறிவித்தது. எதிர்ப்பு எப்படி வந்ததென்றால், ஜூலை 11 அன்று பழைய பானமே திரும்பி வருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. பழகிய பானத்தின் மேல் மக்களுக்கிருந்த பாசம் அதற்குப் பெரிய காரணம். ருசித் துறையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள்: ஒரு மடக்கில் பிடிக்கும் இனிப்பு, ஒரு முழு கேன் குடிக்கும்போது திகட்டும்.

உங்கள் அலமாரியில் கிடக்கும் பாக்கெட்டுகளிலும் இதே கதை நடந்திருக்கலாம். காரமோ புளிப்போ இனிப்போ தூக்கலாக இருக்கும் எதுவும் முதல் வாயில் அசத்தும், ஐந்தாவது வாயில் கை தானாக நின்றுவிடும். அதனால் புதுசு எதையும் இருப்பதிலேயே சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள். கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்து நிதானமாகச் சாப்பிட்டு முடியுங்கள். முடித்த பிறகு “இன்னொரு நாள் இதைச் சாப்பிட ஆசை வருமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரும் என்றால் அடுத்த முறை வாங்கலாம். பசியோடு இருக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம், பசிக்கு எல்லாமே ருசிக்கும். கடைக்கும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

கசப்பான சங்கதிகளுக்கு மட்டும் இந்தத் தீர்ப்பு செல்லாது. டார்க் சாக்லேட், இனிப்பில்லாத டீ வகைகள் எல்லாம் நாக்குக்குப் பழகவே சில தடவை ஆகும். குறிப்பாகக் குழந்தைகளுக்கு. மகள் ஒரு தரம் முகம் சுளித்தாள் என்று ஒதுக்கிவிடாமல், வேறொரு நாள் ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள்.

மகளோடு செய்து பார்க்க அருமையான சோதனை ஒன்று உண்டு. ஸ்ட்ராபெரி மிட்டாய் போல ஏதாவது பழ வாசனை உள்ளதை எடுத்து, மூக்கை இறுக்கிப் பிடித்தபடி வாயில் போட்டு மென்று பார்க்கச் சொல்லுங்கள். இனிப்பும் புளிப்பும் மட்டும்தான் தெரியும், என்ன பழம் என்றே தெரியாது. மூக்கை விட்டதும் ஸ்ட்ராபெரி குபீரென்று வரும். ஃப்ளேவர் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனைதான். அதே போல, ஜில்லென்று குடிக்கும் ட்ரிங்கில் கொஞ்சம் எடுத்து வைத்து, குளிர்ச்சி போன பிறகு ஒரு மடக்கு குடியுங்கள். குளிர்ச்சி இனிப்பை மறைத்துவிடும். உள்ளே எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அந்த ஒரு மடக்கிலேயே மகளுக்குப் புரிந்துவிடும். நாம் தனியாக உபதேசம் செய்ய வேண்டியிருக்காது.

கணவர் உடம்புக்குக் கெடுதல் என்று சொல்வதைத் தள்ளிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கு இது: சேர்க்கப்பட்ட சர்க்கரையும் பழச்சாறு, தேன் போன்றவற்றின் சர்க்கரையும் சேர்ந்து ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு முதல் அளவு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். ஒரு ட்ரிங்கின் லேபிளில் 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்று இருந்தால், 330 மில்லி கேனில் 33 கிராம். ஒரு டீஸ்பூன் 4 கிராம் என்று வைத்தால் எட்டு ஸ்பூனுக்கு மேல். ஒருவரே ஒரு கேனைக் காலி செய்வதற்கும் நான்கு பேர் பகிர்ந்து குடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். ருசி பார்க்கத்தானே வாங்குகிறீர்கள், நான்கு டம்ளர் எடுங்கள்.

லேபிளில் இரண்டு இடங்களை மட்டுமாவது பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். பழத்தின் படத்தைப் பெரிதாகப் போட்ட ட்ரிங்கில் பழம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். இன்னொன்று, சர்க்கரை அளவை எதற்குப் போட்டிருக்கிறார்கள் என்பது. முழுப் பாக்கெட்டுக்கா, ஒரு தடவைக்கான சின்ன அளவுக்கா? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘சுகர் ஃப்ரீ’ மிட்டாய்களில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் மால்டிடால், சார்பிடால் இருந்தால் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதிகமானால் வயிற்றைக் கலக்கும். வீட்டில் யாருக்காவது கடலை, பால் அலர்ஜி இருந்தால் பழகிய பிராண்டின் புது ஃப்ளேவருக்கும் பட்டியலை முழுசாகப் படியுங்கள். புளிப்பு மிட்டாயோ சோடாவோ சாப்பிட்ட கையோடு பல் தேய்க்க வேண்டாம். அமிலம் பல்லின் மேற்பரப்பை இளக்கியிருக்கும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

மகன் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. வேண்டாம். எனர்ஜி ட்ரிங்கை மற்றப் புது ட்ரிங்குகளோடு ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. 250 மில்லி கேனில் 80 மில்லிகிராம் காஃபீன் இருப்பது சாதாரணம், 500 மில்லி கேன் என்றால் அது இரட்டிப்பு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சொன்ன அளவு, ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள பையனுக்கு 150 மில்லிகிராம்தான் வரும், ஒரே ஒரு பெரிய கேன் அதைத் தாண்டிவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-லேயே, பிள்ளைகளின் உணவில் எனர்ஜி ட்ரிங்குக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட்டது. லிதுவேனியா 2014 முதலும் போலந்து 2024 முதலும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இதை விற்பதையே தடை செய்திருக்கின்றன. இந்தக் கணக்கை அவனையே ஒரு பேப்பரில் போடச் சொல்லுங்கள். அப்படியே அந்த மாதத்துப் புது ட்ரிங்கைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள், காஃபீன் இருக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. 14 வயசுக்கு ‘கூடாது’ மட்டும் போதாது, தானே தேர்ந்தெடுக்கும் இடமும் வேண்டும்.

கணவரிடம் சண்டை வேண்டாம். மாதத்துக்கு ஒரு தொகையோ, இத்தனை புதுசுதான் என்ற எண்ணிக்கையோ இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அதற்குள் எதை வாங்கினாலும் அவர் கேட்கக் கூடாது, நீங்களும் தாண்டக் கூடாது. ‘குறுகிய காலத்துக்கு மட்டும்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்து இரண்டு மூன்று வாங்கிவிடாதீர்கள். நன்றாக விற்றால் பெரும்பாலும் திரும்பி வரும். இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். சீஸும் வெங்காயமும் சேர்ந்த ஃப்ளேவரை டப்ளினில் டெய்டோ நிறுவனத்தின் ஜோ மர்ஃபி 1954-ல் கொண்டுவரும் வரை, சிப்ஸ் என்றால் பெரும்பாலும் வெறும் உப்புதான். இன்று உங்கள் கணவர் விரும்பிக் கொறிக்கும் பழைய ஃப்ளேவரையும் யாரோ ஒருவர் முதல் தடவை துணிந்து வாங்கியிருக்கிறார்.

கடைசியாக, இப்போது அலமாரியில் இருப்பவை. சிப்ஸ் பாக்கெட்டில் எண்ணெய் சிக்கு வாசனை அடிக்காமல் இருக்கத்தான் நைட்ரஜன் நிரப்புகிறார்கள். பிரித்ததும் அது போய்விடும், ரப்பர் பேண்ட் போட்டாலும் காற்றும் ஈரமும் உள்ளே போகும். ஒவ்வொன்றையும் முகர்ந்து பாருங்கள், பழைய எண்ணெய் வாடை வந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். நமத்துப் போனது மட்டும்தான் என்றால், ஓவனில் சில நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு வரும், நொறுக்கி சாலட் மேல் தூவலாம். திகட்டும் ட்ரிங்கில் பாதிக்குப் பாதி வெறும் சோடா சேருங்கள். பிரிக்காத பாக்கெட்டுகளை, தேதி தாண்டியிருக்காவிட்டால், பிடித்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அலமாரி காலியான பிறகு அடுத்த புதுசை வாங்கினால் போதும்.