வீட்டுக் கம்ப்யூட்டரும் ஆன்டிவைரஸும்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: புது லேப்டாப் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ‘மெக்காஃபி காலாவதியாகப் போகிறது’ என்று தினமும் மிரட்டுகிறது. காசு கட்டித்தான் ஆக வேண்டுமா சார்?

வேண்டியதில்லை. லேப்டாப் நிறுவனம் முன்கூட்டியே ஏற்றி அனுப்பிய ஆன்டிவைரஸின் சோதனைப் பதிப்பு அது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே இருக்கிறது. வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்வரை அது ஒதுங்கி நிற்கும். மற்றதை நீக்கியதும் டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும்.

‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ என்று போய் மெக்காஃபி பெயரில் இருக்கும் எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிரவுசரில் ‘வெப் அட்வைசர்’ என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் விடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்து, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ பகுதியில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ போங்கள். ரியல் டைம், கிளவுட், டேம்பர் புரொடெக்‌ஷன் மூன்றும் ஆன் ஆகியிருக்க வேண்டும். அன்இன்ஸ்டால் பாதியில் நின்றுவிட்டால் மெக்காஃபியின் சொந்தத் தளத்திலேயே எம்சிபிஆர் என்ற நீக்கும் கருவி இலவசமாகக் கிடைக்கும். நார்ட்டன், அவாஸ்ட், ஈசெட் எல்லோரிடமும் இப்படி ஒன்று உண்டு.

அப்படியே ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதியில் ‘ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன்’ உள்ளே ‘பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்’ ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார், போலி ‘கிளீனர்’ குப்பைகளைத் தடுப்பது அதுதான்.

கேள்வி: டிஃபெண்டரோடு இன்னொன்றையும் போட்டால் இரட்டைப் பாதுகாப்புதானே?

இல்லை. ஒரு ஃபைலைத் திறக்கும் நொடியில் குறுக்கே புகுந்து சோதிப்பதுதான் ஆன்டிவைரஸின் வேலை. இரண்டு இருந்தால் ஒரே ஃபைலை இரண்டும் பிடித்து வைக்கும், ஒன்றின் செயலை இன்னொன்று சந்தேகிக்கும், கடைசியில் கம்ப்யூட்டர் நகராது. அதனால்தான் டிஃபெண்டர் தானே ஒதுங்குகிறது. ஆனால் பணம் கொடுத்து வாங்கிய இரண்டை ஒன்றாகப் போட்டால் இரண்டுமே ஒதுங்காது.

சந்தேகம் வரும்போது மட்டும் ஓட்டிப் பார்க்கும் கருவிகள் வேறு வகை. மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு, ஈசெட் ஆன்லைன் ஸ்கேனர், மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் இந்த வகை. கடைசியாகச் சொன்னது இறக்கிய 10 நாளில் காலாவதியாகும். ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். மால்வேர்பைட்ஸ் போட்டதும் 14 நாள் பிரீமியம் சோதனையை நீட்டும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, ஃபோட்டோ எடிட்டிங் மென்பொருள் கிராக் ஒன்று இறக்கினேன். ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும், இது ஃபால்ஸ் பாசிட்டிவ்தான்’ என்று உள்ளே எழுதியிருக்கிறது. உண்மையா?

ஃபால்ஸ் பாசிட்டிவ் என்றால் நல்ல ஃபைலையே வைரஸ் என்று தவறாகச் சொல்வது. அவர்கள் எழுதியிருப்பது கால்வாசி உண்மை. அதுதான் ஆபத்து. உரிமத்தை உடைக்கும் கருவிகளை, அவற்றில் திருட்டு நிரல் இல்லாவிட்டாலும், ‘ஹேக்டூல்’ என்று ஆன்டிவைரஸ்கள் குறிப்பது உண்டு. அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் ரெட்லைன், லும்மா போன்ற கடவுச்சொல் திருடிகள் வருகின்றன. வெளியிலிருந்து பார்த்து இது எந்த வகை என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

சில அடையாளங்கள் மட்டும் உண்டு. ஜிப் ஃபைலுக்கு ‘1234’ என்று பாஸ்வேர்டு போட்டு, அதையும் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். ரகசியம் காக்க அல்ல, பூட்டிய ஜிப்புக்குள் பிரவுசரும் ஆன்டிவைரஸும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்காக. இன்னொரு வேலை, சின்ன நிரலுக்குள் வெற்றுப் பூஜ்ஜியங்களைத் திணித்து 700 எம்பிக்கு ஊதிப் பெருக்குவது. பெரிய ஃபைல்களைச் சில ஸ்கேனர்கள் தாண்டிப் போய்விடும்; ஒரு ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களால் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளமும் 650 எம்பிக்கு மேல் வாங்காது.

இன்ஸ்டால் செய்தே விட்டீர்கள் என்றால், ‘ஸ்கேன் செய்தேன், சுத்தம் என்று வந்தது’ என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இந்தத் திருடிகள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்தவர் என்று தளங்களுக்குக் காட்டும் குக்கிகளையும் சுருட்டி அனுப்ப ஓரிரு நிமிடம் போதும். அதன்பின் தன்னையே அழித்துக்கொள்பவையும் உண்டு. குக்கி போய்விட்டால் ஓடிபி கேட்காமலே உங்கள் ஜிமெயிலுக்குள் நுழையலாம். ஆகவே வேறொரு கம்ப்யூட்டரிலோ ஃபோனிலோ இருந்து முதலில் ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். பிறகு வங்கி, அதன்பின் மற்றவை. மாட்டிய அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் அவர்களுக்கே போகும்.

பலர் பார்க்க மறக்கும் இடம் ஒன்று உண்டு. ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ பக்கத்தின் அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ இருக்கும். கிராக் நிரல்கள் சத்தமில்லாமல் சி டிரைவ் முழுவதையும் அங்கே சேர்த்துவிடும். அப்புறம் எத்தனை முறை ஸ்கேன் போட்டாலும் பச்சைதான் காட்டும். நீங்கள் சேர்க்காதது எது இருந்தாலும் நீக்கிவிட்டு மறுபடி முழு ஸ்கேன் போடுங்கள்.

கிராக் இல்லாமல் முடியாதா என்றால், ஃபோட்டோவுக்கு கிம்ப், பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீ, ஆவணங்களுக்கு லிப்ரே ஆஃபீஸ். முக்கால்வாசி வீட்டு வேலைக்கு இவை தாராளம்.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவ் கொடுத்து வாங்கினேன். இப்போது ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது. உள்ளே மகளின் சான்றிதழ்கள் இருக்கின்றன. போய்விட்டதா?

பெரும்பாலும் போயிருக்காது, ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள், அந்த ஷார்ட்கட்டுகளையும் தொடாதீர்கள். உங்கள் ஃபோல்டர் பெயரிலேயே இருக்கும் அந்த ஷார்ட்கட், முதலில் வைரஸை ஓட்டிவிட்டுப் பிறகு உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும். அதனால் சந்தேகமே வராமல் பலரும் மாதக்கணக்கில் அதையே கிளிக் செய்துகொண்டிருப்பார்கள்.

ஏற்கெனவே கிளிக் செய்திருந்தால் முதலில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். பென் டிரைவை மட்டும் சுத்தம் செய்தால், சொருகியதும் மறுபடி தொற்றும். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யின் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும்; கால் மணி நேரம் பிடிக்கும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, லேப்டாப்பை சார்ஜில் போட்டு ஆரம்பியுங்கள்.

பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’, ‘ஷோ’, ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் செய்யுங்கள். அது மட்டும் போதாது. மூன்று புள்ளியில் ‘ஆப்ஷன்ஸ்’, ‘வியூ’ டேப் போய், ‘ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ டிக்கை எடுக்க வேண்டும். இந்த வைரஸ்கள் உங்கள் ஃபைல்களைச் சிஸ்டம் ஃபைல் போலக் குறித்து மறைப்பதால், இதைச் செய்யாதவரை தெரியாது. அதே இடத்தில் ‘ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ்’ டிக்கையும் எடுத்துவிடுங்கள். ‘சான்றிதழ் பிடிஎஃப்’ போல நடிக்கும், கிளிக் செய்ததும் நிரலாக ஓடும் எக்ஸ்இ ஃபைல் அப்போது அம்பலமாகிவிடும்.

இப்போது மங்கலான நிறத்தில் உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் கிடக்கும். பிடிஎஃப், ஜேபெக், வேர்டு ஃபைல்களை மட்டும் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். விபிஎஸ், எக்ஸ்இ, எல்என்கே என்று முடிபவை வேண்டாம். எல்லாம் திறக்கிறது என்று உறுதியானதும் பென் டிரைவை ஃபார்மட் செய்து, சிஸ்டம் ஃபைல் டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். இனி பிரின்ட் எடுக்கப் போகும்போது காலி பென் டிரைவில் தேவையான ஒரு பிடிஎஃப் மட்டும் கொண்டுபோங்கள். திரும்பியதும் ஃபார்மட். சான்றிதழ்களின் ஒரே பிரதியை எடுத்துப் போகவே கூடாது.

கேள்வி: பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளை வைரஸ் என்கிறது. பல வருடமாகப் பயன்படுத்துவதாயிற்றே?

நாம் அழுத்தும் விசையை இடைமறித்து வேறு எழுத்தாக மாற்றுவது அதன் வேலை. கீலாகர் என்ற உளவு நிரலும் விசைகளை இடைமறித்துத்தான் வேலை செய்கிறது. தயாரித்தவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பமும் இல்லையென்றால் ஆன்டிவைரஸ் சந்தேகப்படாமல் என்ன செய்யும்? ஃபைலை வைரஸ்டோட்டலில் ஏற்றிப் பாருங்கள். அங்குள்ள 70 சொச்சம் ஆன்டிவைரஸ் இன்ஜின்களில் ஒன்றிரண்டு, அதுவும் ‘ஜெனரிக்’ (குறிப்பிட்ட வைரஸ் பெயர் இல்லாமல் பொதுவாக) என்று குறித்தால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். இருபது முப்பது குறித்தால் அழித்துவிடுங்கள். ஆதார், வருமான வரிப் படிவம் போன்றவற்றை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றியதைப் பாதுகாப்பு நிறுவனங்கள் எடுத்துப் பார்க்க முடியும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்களுக்காக 2019 மே பதிப்பிலிருந்து ஃபொனெட்டிக்கும் உண்டு.

கேள்வி: பணம் கொடுத்தே வாங்க ஆசை. எது நல்லது? யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

யூடியூபை விடுங்கள், விளக்கத்தில் கமிஷன் இணைப்பு இருக்கும். ஆன்டிவைரஸ்களைச் சோதித்து ஒப்பிடும் நிறுவனங்களான ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் இரண்டின் முடிவுகளையும் பாருங்கள். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், தொந்தரவின்மை மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் தருகிறது. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுகட்டாமல், கடைசி நான்கைந்து முடிவுகளில் யார் தொடர்ந்து நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். அங்கே டிஃபெண்டரும் நல்ல மதிப்பெண் வாங்குவதைப் பார்த்தபின் ஆசை குறையலாம்.

பெயர்களைக் கண்டு மயங்க வேண்டாம். நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். பயனர்கள் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-இல் அவாஸ்டை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கை வைரஸைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் அமெரிக்கா 2024-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. நம் பக்கத்தில் சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் இரண்டும் பழம்பெரும் நிறுவனங்கள்.

இணைய இணைப்பு விட்டு விட்டு வரும் வீடு என்றால் பணம் கொடுத்து வாங்குவதில் அர்த்தம் உண்டு. டிஃபெண்டர் கிளவுடை, அதாவது இணையத்தில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் சர்வர்களை, நம்பி வேலை செய்வது, நெட் இல்லாதபோது அதன் பிடி தளரும். வாங்கும்போது சந்தாவைத் தானாகப் புதுப்பிக்கும் ‘ஆட்டோ ரினியூவல்’ வசதியை உடனே ஆஃப் செய்யுங்கள். முதல் வருட விலை வேறு, இரண்டாம் வருடம் கார்டிலிருந்து எடுக்கும் விலை வேறு.

கேள்வி: வலது மூலையில் ‘5 வைரஸ் உள்ளது’ என்று ஓயாமல் வருகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். குரோமில் ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள்.

திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, ‘மைக்ரோசாஃப்டை அழையுங்கள்’ என்று எண்ணோடு வந்தால் அழைக்காதீர்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். ஏற்கெனவே பேசி, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கவிடும் எனிடெஸ்க் போட்டு, பணமும் போய்விட்டது என்றால் உடனே நெட்டைத் துண்டித்து சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க வேண்டும் என்பதால் நிமிடங்கள் முக்கியம்.

கேள்வி: ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’ 4 ஜிபி ரேம் கம்ப்யூட்டரை முடக்குகிறது. நிறுத்தலாமா?

அது டிஃபெண்டர்தான், நிறுத்த வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% காட்டினால் உண்மையான குற்றவாளி பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், முடிந்தால் ரேமை 8 ஆக்குங்கள். அதுவரை, டாஸ்க் ஷெட்யூலரில் ‘விண்டோஸ் டிஃபெண்டர் ஷெட்யூல்டு ஸ்கேன்’ நேரத்தை நீங்கள் சாப்பிடப் போகும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: விண்டோஸ் 7-இல் நல்ல ஆன்டிவைரஸ் போட்டுவிட்டால் போதுமா?

போதாது. 2020 ஜனவரி 14-க்குப் பின் சாதாரண வீட்டுப் பயனருக்கு அதன் ஓட்டைகள் அடைக்கப்படவில்லை. குரோமும் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது எந்த இணைப்பையும் கிளிக் செய்யாத கம்ப்யூட்டர்களும் விழுந்தன. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துத் தரும் ஈஎஸ்யூ என்ற கூடுதல் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் அதற்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடலாம். இல்லையேல் நெட்டைத் துண்டித்துவிட்டு டைப்பிங்குக்கு மட்டும் வையுங்கள்.

கேள்வி: எல்லா ஃபோட்டோவுக்கும் பின்னால் புதிதாக ஏதோ எழுத்துகள் சேர்ந்து, எதுவுமே திறக்கவில்லை. பணம் கேட்டு ஒரு நோட்பேட் ஃபைல் இருக்கிறது.

இது ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் வைரஸ். வைஃபையைத் துண்டியுங்கள், எக்ஸ்டர்னல் டிஸ்க் இருந்தால் கழற்றுங்கள். பெயர்கள் இன்னும் மாறிக்கொண்டே இருந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். நோட்பேட் ஃபைலையும் பூட்டப்பட்ட ஒன்றிரண்டு ஃபைல்களையும் வேறு கம்ப்யூட்டரிலிருந்து ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் ஏற்றிப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது. எந்த வகை, இலவச சாவி இருக்கிறதா என்று சொல்லும். கிராக் வழியாக வீடுகளைத் தாக்கும் ஸ்டாப் டிஜேவியூ வகை என்றால், பழைய பதிப்புகளுக்கும் ஆஃப்லைன் சாவியால் (வைரஸுக்குள்ளேயே இருக்கும் பொதுச் சாவியால்) பூட்டப்பட்டவற்றுக்கும் எம்சிசாஃப்ட் நிறுவனத்தின் கருவி வேலை செய்யும். இன்று சாவி இல்லை என்றாலும் பூட்டிய ஃபைல்களை ஒரு டிஸ்கில் காப்பி செய்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பின்னாளில் சாவி வெளிவந்த வகைகள் உண்டு. ‘நூறு சதவீதம் மீட்டுத் தருகிறோம்’ என்று முன்பணம் கேட்பவர்களிடம் ஒரு ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

புதிதாகப் போட்டபின் ‘ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்’ உள்ளே ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ ஆன் செய்யுங்கள். வழக்கமாக ஆஃப் ஆகத்தான் இருக்கும். முதல் வாரம் உங்கள் நல்ல மென்பொருள்களையும் தடுக்கும், ஒவ்வொன்றாக அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். ஃபோட்டோக்களை எக்ஸ்டர்னல் டிஸ்கில் மாதம் ஒருமுறை காப்பி செய்து, காப்பி முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். சொருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும்.