கண்ணெதிரே போட்ட கையெழுத்து

கும்பகோணத்தில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் பதினாறு வருடமாக நோட்டரி பலகை மாட்டியிருக்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரமாணப் பத்திரம் (அபிடவிட்), முத்திரை, பவர் எனப்படும் அதிகாரப் பத்திரம் பற்றியவைதான். வாசகர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் அம்மாவுக்கு 78 வயது. இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். குடும்ப ஓய்வூதியத்துக்காக அபிடவிட் கேட்டார்கள். வீட்டிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனேன், நோட்டரி மறுத்துவிட்டார். அதே தெருவில் இன்னொருவர் ஆளைப் பார்க்காமலே முத்திரை போட்டுத் தருகிறாராம். அவரிடம் போகலாமா?
– வாசகி, மன்னார்குடி

போகாதீர்கள் அம்மா. மறுத்தாரே, அவர்தான் வேலையைச் சரியாகச் செய்தவர்.

அபிடவிட்டின் கடைசியில் ‘என் முன்னிலையில் கையொப்பமிட்டார்’ என்று ஒரு வரி இருக்கும். எங்களுக்குக் கொடுக்கிற காசு அந்த ஒரு வரிக்குத்தான். மேலே நாலு பக்கம் எழுதியிருப்பது உண்மையா பொய்யா என்பது எனக்குத் தெரியாது, அதற்குப் பொறுப்பு உங்கள் அம்மா. வந்தவர் இன்னார்தான், சத்தியம் செய்தார், என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டார். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். அதுவும் பொய்யானால் அந்தத் தாளில் மிச்சம் என்ன இருக்கிறது?

இதை உபதேசமாகச் சொல்லவில்லை. அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். பலகை மாட்டிய இரண்டாவது வருடம், மத்தியானச் சாப்பாட்டு நேரம். தெரிந்த குமாஸ்தா ஒருவர் வந்தார். “அந்தம்மா கீழே ஆட்டோவில் இருக்காங்க மேடம், மாடி ஏற முடியலை” என்றார். தயிர் சாதக் கையைத் துடைத்துவிட்டு முத்திரை போட்டுக் கொடுத்தேன். எட்டிப் பார்க்கக்கூட இல்லை. ஒன்றரை வருடம் கழித்து சம்மன் வந்தது. அந்தம்மா அன்றைக்கு பெங்களூரில் மகள் வீட்டில் இருந்திருக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் என் பதிவேட்டையே என் கையில் கொடுத்து, “இந்த வரிசை எண்ணுக்கு நேரே கையெழுத்து எங்கே?” என்று கேட்டார். அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது. தினமும் நான் வாதாடுகிற கோர்ட்டில், சாட்சிக் கூண்டில் நின்று அந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அந்த அலுவலகத்தில், அபிடவிட்தான் வேண்டுமா, சுய உறுதிமொழி போதுமா என்று கேளுங்கள். பல இடங்களில் அபிடவிட் கேட்கும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லி மத்திய அரசு 2014-லேயே அறிவுறுத்தியும், கவுன்டரில் இருப்பவர்கள் பழக்கத்தில் கேட்டுவிடுவதுண்டு. அபிடவிட்தான் வேண்டும் என்றால், மறுத்த அதே நோட்டரியை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஆட்டோ செலவும் கொஞ்சம் கூடுதல் கட்டணமும் ஆகும். அம்மாவின் அசல் ஆதாரை எடுத்து வையுங்கள். கை நடுங்கினால் கைரேகை போதும். தாள் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் படித்துச் சொல்லி, ‘வாசித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொண்டு ரேகை வைத்தார்’ என்று நோட்டரி எழுத வேண்டும். எழுதினாரா என்று நீங்களும் பாருங்கள். சத்தியத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். கடவுள் பெயரிலும் சொல்லலாம், உளமாரவும் சொல்லலாம். 1969-ஆம் வருட பிரமாணச் சட்டம் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. என்னிடம் வரும் கறுப்புச் சட்டைப் பெரியவர் ஒருவர், நான் வாயைத் திறக்கும் முன்பே “உளமார!” என்று அதட்டிவிடுவார்.

நோட்டரி, ஓத் கமிஷனர் இருவரும் ஒன்றா?
– வாசகர், அரியலூர்

இல்லை. ஓத் கமிஷனர், வழக்குகளில் தாக்கலாகும் அபிடவிட்டுகளுக்குச் சத்தியம் வாங்குவதற்காக நீதிமன்ற வழியில் நியமிக்கப்படுபவர். நோட்டரியை 1952 நோட்டரி சட்டப்படி அரசு நியமிக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டம் 139-வது பிரிவின்படி நோட்டரியும் சத்தியம் வாங்கலாம். அதோடு நகல் சரிபார்ப்பது, பவருக்குச் சான்றளிப்பது என்று அவருக்கு வேறு வேலைகளும் உண்டு. முத்திரையைப் பார்த்தே நோட்டரியை அடையாளம் காணலாம். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம், அதில் பெயர், எல்லை, பதிவு எண் இருக்க வேண்டும். கட்டணப் பலகையும் கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும். (என் பலகையில் எழுத்து மங்கிவிட்டது, மாற்றப் போகிறேன்.)

பட்டாவில் லெட்சுமி, ஆதாரில் ராஜலெட்சுமி. இருவரும் ஒருவரே என்று அபிடவிட் போட்டால் பட்டாவில் பெயர் மாறிவிடுமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

தானாக மாறாது. அபிடவிட் உங்கள் வாக்குமூலம், அவ்வளவுதான். பட்டாவைத் திருத்துகிறவர் தாசில்தார். விண்ணப்பத்தோடு இணைக்கும் ஆதாரங்களில் இதுவும் ஒன்றாக இருக்கும். பழைய கிரயப் பத்திரம், ரேஷன் கார்டு போன்றவை இருந்தால் அவற்றையும் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. டைப் அடிக்கும் கடையில் முந்தைய ஆளின் ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுவார்கள். போன மாதம் 61 வயது பாட்டி ஒருவர் கொண்டுவந்த தாளில் மூன்றாவது பத்தி, ‘நான் மேற்படி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயின்று வருகிறேன்’ என்று இருந்தது. பாட்டிக்கு வெட்கம் கலந்த சிரிப்பு. சிரிப்போடு போயிற்று, சரி. ஆனால் பொய்ச் சத்தியத்துக்கு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 229-வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு, நீதிமன்ற நடவடிக்கை என்றால் ஏழு வருடம் வரை. தெரியாமல் விட்ட வரிக்காகப் பிடித்துப் போட மாட்டார்கள்தான். இருந்தாலும் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முத்திரைத்தாளுக்கும் பழைய 20 ரூபாய்க் கணக்கோடு போகாதீர்கள், கட்டணம் கூடியிருக்கிறது.

மனை வாங்க மூன்று லட்சம் முன்பணம் கொடுத்து, கிரய ஒப்பந்தத்தில் நோட்டரி கையெழுத்தும் வாங்கினோம். இப்போது விற்பவர் பின்வாங்குகிறார். நோட்டரி போட்டதால் எங்களுக்கு உரிமை வந்துவிட்டது அல்லவா?
– வாசகர், பெரம்பலூர்

வரவில்லை. நோட்டரி முத்திரை பதிவுக்கு ஈடாகாது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் கிரயம் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். உங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். முத்திரை போட்டவராவது சொல்லியிருக்கலாம்.

ஆனாலும் கையை விரித்துவிட வேண்டாம். பதிவாகாத கிரய ஒப்பந்தத்தையும், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். ஒப்பந்தத்தில் கிரயத்துக்கு நாள் குறித்திருந்தால், அந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மீதிப் பணம் தயாராக இருந்ததற்கு வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வையுங்கள். இந்த வாரமே ஒரு சிவில் வக்கீலைப் பார்த்து நோட்டீஸ் அனுப்புங்கள்.

மகன் துபாயில் இருக்கிறான். அவன் பெயரில் உள்ள வீட்டை நான் விற்க பவர் வேண்டும். இங்கேயே நோட்டரியிடம் போட்டுவிடலாமா?
– வாசகர், முத்துப்பேட்டை

மகன் அங்கே, கையெழுத்து இங்கே. முதல் கேள்விக்குச் சொன்ன பதிலேதான் உங்களுக்கும். அவர் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போய், அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அசலை அனுப்பட்டும். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டுங்கள். கூரியர் கவரைத் தூக்கிப் போடாதீர்கள். வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. கிரயத்தன்று, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆயுள் சான்றும் கேட்பார்கள், அதை மகனிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திருச்சியில் இருக்கிறோம். எங்கள் ஊரில் காணி உறுதியை (நிலப் பத்திரத்தை) நொத்தாரிசுதான் முடிப்பார். இங்கே நோட்டரி போட்டது கிரயமாகாது என்கிறார்களே?
– வாசகி, திருச்சி

பெயர்தான் ஒன்று, உத்தியோகம் வேறு. இலங்கையில் 1840-ஆம் வருட மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னால் இருந்து கையெழுத்தானால்தான் காணி விற்பனை செல்லும். அதன் பிறகுதான் காணிப் பதிவகம். இங்கே அந்த இடத்தில் சார்பதிவாளர் இருக்கிறார். நாங்கள் செய்வது உங்கள் ஊரில் சமாதான நீதவான் சத்தியக் கடதாசிக்கு (அபிடவிட்டுக்கு) கையெழுத்து வைக்கிறாரே, ஏறக்குறைய அந்த வேலை.

உயிலுக்கு நோட்டரி அவசியமா?
– வாசகர், சீர்காழி

அவசியமில்லை. இரண்டு சாட்சிகள் போதும். உங்களைவிட வயதில் சின்னவர்களாகப் பார்த்துப் பிடியுங்கள்.