ராத்திரி கால்பந்தும் ஐஎஸ்ஓ பயமும்

கேள்வி: குமரி மாவட்டத் தூத்தூர் பக்கம் ராத்திரி நடக்கும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) கால்பந்து ஆட்டங்களைப் படமெடுக்கிறேன். கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா, 55-250 எம்எம் லென்ஸ். நாய்ஸ், அதாவது புள்ளிகள், வரக்கூடாதென்று ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன் அளவு) 1600-க்கு மேல் ஏற்றுவதே இல்லை. அப்படியும் படம் புள்ளி புள்ளியாக வருகிறது. கேமராவை மாற்ற வேண்டுமா?

பதில்: கேமரா இருக்கட்டும். முதலில் அந்த 1600 கணக்கை விடுங்கள்.

நீங்கள் அனுப்பிய கோல்கீப்பர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷட்டர் 1/500 நொடி, லென்ஸ் திறப்பு எஃப்/5.6, ஐஎஸ்ஓ 1600. எடுத்தபோது கன்னங்கரேலென்று இருந்திருக்கும். பிறகு மொபைலில் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறீர்கள். அவருடைய நீலக் கையுறையில் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிறதே, அது அங்கே வந்த வினைதான். 1600-ல் எடுத்து வெளிச்சத்தை 2 ஸ்டாப் (நான்கு மடங்கு) கூட்டினால் 6400-ல் எடுத்த மாதிரிதான். அந்த 6400-ஐக் கேமராவிலேயே வைத்து எடுத்திருந்தால் இதைவிடச் சுத்தமாக வந்திருக்கும். ஜேபெக் படத்தை இழுத்தால் இன்னும் மோசமாகும். சென்சார் பதிவதைச் சுருக்காமல் வைத்திருக்கும் RAW கோப்பாக எடுங்கள்.

நாய்ஸுக்கு முக்கியக் காரணம் சென்சாரில் விழும் வெளிச்சம் போதாமை. உங்கள் லென்ஸ் 250 எம்எம்-ல் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). எஃப்/1.8 வரை திறக்கும் 50 எம்எம் லென்ஸ் அதைப்போலக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் வாங்கும். அதாவது, பழைய லென்ஸில் ஐஎஸ்ஓ 30,000 கேட்கும் இடத்தில் இதற்கு 3200 போதும். காசு செலவழிப்பதாக இருந்தால் இதற்குச் செலவழியுங்கள். 250-ன் எட்டம் இதற்குக் கிடையாது என்பது உண்மைதான். கோல் போஸ்டுக்குப் பக்கவாட்டில் போய் உட்கார்ந்து, ஆட்டம் உங்களிடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். செவன்ஸ் மைதானம் சின்னது, வரும்.

மேனுவலில் ஷட்டர் 1/640 வையுங்கள். கருப்பு வானமும் பிளட்லைட்டும் கேமராவின் வெளிச்ச மீட்டரைக் குழப்பிவிடும் என்பதால் அதை நம்பாமல், ஆட்டம் தொடங்கும் முன் ஒருவர் முகத்தை எடுத்துப் பார்த்து ஐஎஸ்ஓவை முடிவு செய்யுங்கள். 6400 வந்தாலும் பயப்படாதீர்கள். புள்ளியைப் பிறகு குறைக்கலாம், அசைவில் மங்கிப்போன கால்களை ஒன்றும் செய்ய முடியாது. வெளிச்சம் ரொம்ப மோசமென்றால் ஹெட்டருக்குக் குறி வையுங்கள். எம்பியவர் உச்சியில் ஒரு கணம் நிற்பார்; அங்கே 1/320-கூடத் தாங்கும்.

தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது மங்கி மஞ்சளாகவும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது கேமரா பழுதல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மைதானத்து மெட்டல் ஹேலைடு விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். மெனுவில் ஆன்டி-பிளிக்கர் (விளக்கின் துடிப்பு பார்த்து எடுக்கும் வசதி) இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் கூடுதலாக எடுத்துப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பின்னால் தென்னந்தோப்பு இருட்டு இருந்தால் நாய்ஸ் பளிச்சென்று தெரியும். ஆட்கள் நிற்கும் பக்கம் பின்னணியாக வரும்படி இடம் பிடியுங்கள். எடிட் செய்யும்போது நிறப் புள்ளியை முழுக்க எடுத்துவிடுங்கள். மணல் போன்ற குருணையைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். அதையும் வழித்தெடுத்தால் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும். வாட்ஸ்அப்புக்கு 6000 பிக்சல் அகலத்தை 2000 ஆக்கினாலே 9 பிக்சல் ஒன்றாகிப் பாதிப் பிரச்சினை போய்விடும்.

இன்னொன்று, நம் கடற்கரைக்கே உரியது. அரை மணி நேரம் கடல்காற்றில் நின்றால் லென்ஸ் கண்ணாடியில் உப்புப் படலம் படியும். பிளட்லைட் பட்டதும் படம் முழுக்கப் புகை மூட்டினாற்போல வெளிறும். அதைக் கருப்பாக்க எடிட்டில் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் புள்ளிகளும் கூடும். இடைவேளையில் முதலில் ஊதுங்கள், பிறகு லென்ஸ் துணியால் துடையுங்கள். சட்டை நுனி வேண்டாம், மணல் கீறிவிடும்.