குரல் கம்மினால் எத்தனை நாள் பொறுக்கலாம்? காது மூக்கு தொண்டை மருத்துவர் பதில்கள்

கடலூர் முதுநகர் வாசகி: துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறேன் டாக்டர். நாலு மாதமாகக் குரல் கரகரவென்று இருக்கிறது. குரல் நாணில் முடிச்சு என்றார்கள். புற்றுநோயாக மாறுமா?

மாறாதும்மா. துடுப்புப் போடும் கை காய்த்துப்போகிறதே, அதே கதைதான். பெண்கள் சாதாரணமாகப் பேசும்போதே, தொண்டைக்குள் குரல் எழுப்பும் இரண்டு நாண்களும் விநாடிக்குச் சுமார் 200 முறை மோதிக்கொள்கின்றன. கூவும்போது மோதல் பலமாகிறது. அதிகம் அடிபடும் இடத்தில் இரண்டு பக்கமும் எதிரெதிரே தடித்துவிடும். பேச்சுப் பயிற்சியிலேயே பெரும்பாலும் கரையும், கத்தி வைக்க வேண்டியதில்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள். கிசுகிசுப்பதை ஓய்வு என்று நினைக்காதீர்கள், அதுவும் நாணுக்குச் சிரமம்தான்.

நெல்லித்தோப்பு வாசகர்: மாசிமகத்தன்று மேளச் சத்தத்துக்கு மேல் கத்தினேன். மறுநாளே குரல் போய்விட்டது. பாலிப் என்கிறார்கள்.

கத்தியதில் நாணுக்குள் சின்ன ரத்தக்குழாய் வெடித்திருக்கும். இது பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். சாதாரணக் கட்டிதான், தானாகச் சுருங்காவிட்டால் எடுத்துவிடலாம்.

வில்லியனூர் தாய்: மகனுக்கு ஐந்து வயது. பாப்பிலோமா என்று மூன்று முறை எடுத்தும் திரும்ப வருகிறது. நான் செய்த தப்பா?

இல்லவே இல்லை. பாப்பிலோமா என்பது குரல்வளையில் வரும் மரு, எச்பிவி என்ற வைரஸின் 6, 11 வகைகளால் வருவது. பிரசவத்தின்போது தாய்க்கே தெரியாமல் பிள்ளைக்குப் போயிருக்கலாம். மருவை எடுத்தாலும் சுற்றியுள்ள சதையில் வைரஸ் தங்குகிறது, அதனால்தான் மறுபடி முளைக்கிறது. மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்டால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

பண்ருட்டி வாசகர்: அப்பாவுக்கு 58 வயது. முப்பது வருடமாகப் பீடி, சாராயமும் உண்டு. இரண்டு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது. "வலிக்கவே இல்லையே" என்று வர மறுக்கிறார்.

எனக்குப் பயமே அந்த வார்த்தைதான் தம்பி. நாணில் வரும் புற்று ஆரம்பத்தில் வலிக்காது, குரலைத்தான் மாற்றும். காதுவலி, விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி எல்லாம் பெரும்பாலும் பிறகுதான் வரும். புகையிலையும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகிறது. மூன்று வாரம் தாண்டிய கரகரப்பை, அதுவும் பீடி குடிப்பவருக்கு, உள்ளே பார்க்காமல் விடவே கூடாது. வெறும் தடிப்பாகவோ வெள்ளைப் படலமாகவோகூட இருக்கலாம். குரலைக் கேட்டு மட்டும் யாராலும் சொல்ல முடியாது. நாணோடு நிற்கும்போதே பிடித்தால் கதிர்வீச்சிலோ லேசரிலோ பத்தில் ஒன்பது பேர்வரை குணமாகிறார்கள். விட்டுவிட்டால் குரல்வளையையே எடுக்க நேரலாம், அப்புறம் கழுத்துத் துளை வழியாகத்தான் மூச்சு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் வட்டாரப் புற்றுநோய் மையமே இருக்கிறது.

அவரே மீண்டும்: உள்ளே பார்ப்பது வலிக்குமா? அப்பா கேட்கச் சொன்னார்.

மூக்கில் மரப்பு மருந்து அடித்து, மெல்லிய குழாயை விட்டு, "ஈ" என்று சொல்லச் சொல்வோம். சில நிமிடம்தான். திரை இருந்தால் தன் நாண்களை அவரே பார்க்கலாம். மரப்பு போகும்வரை ஒரு மணி நேரம் டீ, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறும்.