ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

"இந்த வண்டிக்குக் கியர் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள், நானே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாரண்டி முடிந்த வண்டியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: தாராளமாக மாற்றலாம். பல கார் நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள், ஆயிலை மாற்றச் சொல்லும்போது, ஆயுள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

நான் இதில் இறங்கியதற்குக் காரணமே ஒரு பில்தான். கியர் ஆயில் மாற்றியதாகப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் வேறு வேலைக்காக அடியில் படுத்துப் பார்த்தபோது, ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டின் தலையில் பழைய சேறு காய்ந்து இறுகிக் கிடந்தது; ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. திறந்து பார்த்தேன், வந்த ஆயில் கறுத்துப்போய் இருந்தது. எல்லா மெக்கானிக்குகளும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக உழைப்பவர்களிடம்தான் இந்த வேலையையே கற்றேன். ஆனாலும் அந்த போல்ட்டைப் பார்த்த பிறகு, என் வண்டியின் இந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை.

எஞ்சின் ஆயில் மாற்றிய பழக்கம் மட்டும் இதற்குப் போதாது. ஆயிலை வடிப்பது எளிது. சரியான அளவுக்கு நிரப்புவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. குறைந்தால் கியர் வழுக்கும், கூடினால் ஆயில் நுரைத்து அழுத்தம் விழும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இல்லாத வண்டிகள் பலவற்றில், வண்டி துளியும் சாயாமல் சமமாக நிற்க, எஞ்சின் ஓட, ஒவ்வொரு கியரிலும் சில நொடிகள் நிறுத்தி வந்த பிறகு, மேனுவல் சொல்லும் வெப்பநிலையில் (பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி) ஆயில் அளவைச் சரிபார்க்க உதவும் லெவல் போல்ட்டைத் திறக்க வேண்டும். முதலில் தாரையாக வழியும் ஆயில் மெல்லிய நூலாகி, அந்த நூல் அறுந்து சொட்டத் தொடங்கும் கணத்தில் போல்ட்டை மூட வேண்டும். வெப்பநிலையைக் கையால் தொட்டுக் கணிக்க முடியாது. வண்டியின் கம்ப்யூட்டரில் செருகி அதைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வடிப்பதற்கு முன்பாகவே நிரப்பும் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். அது துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், ஆயில் இல்லாத வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிச் செல்ல முடியாது. வண்டி ஜாக் ஸ்டாண்டுகளின் மேல்தான் நிற்க வேண்டும், வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகக் கூடாது. வடித்த ஆயிலை அளந்து வைத்துக்கொண்டு, புதியதை அதே அளவில் ஊற்றித் தொடங்குவதே பாதுகாப்பு.

ஒரு தடவை வடித்தால் முழு ஆயிலும் வராது. டார்க் கன்வெர்ட்டரிலும் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கூலர் குழாய்களிலும் பாதிக்கு மேல் தங்கிவிடுவது சாதாரணம். ஒரு தடவைக்கு 40 சதவீதம் மாறுவதாக வைத்துக்கொண்டால், இடையில் ஓட்டிவிட்டு மூன்று தடவை செய்யும்போது ஏறக்குறைய 78 சதவீதம் புதிய ஆயிலாகிவிடும். இது அரைகுறை வேலை என்று சிலர் வாதிடலாம். எனக்கு இதுவே போதுமானதாகப் படுகிறது.

கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டை (பேன்) கழற்றினால் உள்ளே இருக்கும் காந்தத்தை விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டும் நுண்துகள் வழக்கமான தேய்மானம்தான். நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு உலோகச் சில்லுகள் இருந்தாலோ, ஆயிலில் கருகிய வாடை அடித்தாலோ, உள்ளே ஏதோ சேதம் இருக்கிறது, புது ஆயில் அதைச் சரிசெய்யாது. ஏற்கெனவே கியர் வழுக்கும் வண்டியையும் முதலில் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

ஆயில் வாங்கும்போது நிறத்தையோ விலையையோ பார்க்காமல், மேனுவலில் உள்ள ஸ்பெக்கை (எந்த வகை ஆயில் என்ற குறிப்பை) மட்டும் பாருங்கள். டெக்ஸ்ரான் 6 என்ற வகை ஆயிலைக் கேட்கும் கியர்பாக்ஸுக்கு, வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கான சிவிடி ஆயிலையோ, டூயல் கிளட்ச் ஆயிலையோ ஊற்றக் கூடாது. வடித்த பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு ஆயில் எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.