பயிற்சியில் இடம் வாங்கித் தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: நைரோபியில் ஒரு மருந்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவும் பெண்மணியின் மகளுக்கு 22 வயது. நகரின் கயோலே பகுதியில் உள்ள தேவாலயத்தில் நான்கு வருடங்களாக மைக், ஒலிகளைக் கலந்து சீராக்கும் மிக்ஸர் எல்லாவற்றையும் அவள்தான் கவனித்துக்கொள்கிறாள். சுவாஹிலியில் சொந்தமாகப் பாட்டும் எழுதுகிறாள். ஐரோப்பிய நிதியில் நடக்கும் பெண் ஒலிப்பொறியாளர் பயிற்சியில் இடமும், பயிற்சி முடிந்ததும் வேலையும் வாங்கித் தருவதாக ஒருவர் 25,000 ஷில்லிங் கேட்கிறார். விண்ணப்பப் படிவத்துக்கென்று அவள் அம்மா போன வாரமே 3,000 அனுப்பிவிட்டார். அடையாள அட்டை நகலும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வேண்டுமாம். மீதிப் பணத்தை நான் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கையெழுத்தும் போட வேண்டாம். இந்த இரண்டில் கையெழுத்துதான் அதிக ஆபத்தானது என்பதால் அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் பணத்தைப் பார்ப்போம்.

ஆப்பிரிக்க இசைத்துறையில் வேலைவாய்ப்பு, பயிற்சி, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இடம் என்ற பெயர்களில் நடக்கும் திட்டங்களில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வரும் பணத்தில்தான் ஓடுகின்றன. உள்ளூர்ச் சந்தை அந்த அளவுக்குப் பெரியதல்ல என்பதே காரணம். சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகள் அனைத்திலும் சேர்த்துப் பதிவிசை வருமானம் 2024ஆம் ஆண்டில்தான் முதன்முறையாகப் பத்துக் கோடி டாலரைத் தாண்டியது. அதிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தென்னாப்பிரிக்காவுக்கே போய்விடுகிறது. ஆகவே கென்யாவில் ஓர் இளம்பெண்ணுக்கு மிக்ஸரில் முறையான பயிற்சி கிடைக்க வேண்டுமென்றால் அநேகமாக ஐரோப்பிய ஒன்றியமோ, ஏதாவதொரு தூதரகமோ, பிரிட்டிஷ் கவுன்சில், ஜெர்மனியின் கோதே நிறுவனம் போன்ற பண்பாட்டு அமைப்போ பணம் போட்டிருக்கும். உங்களிடம் வந்தவர் "ஐரோப்பிய நிதி" என்று சொன்னதில் பொய் இல்லாமலிருக்கலாம். பொய் அதற்கடுத்த வாக்கியத்தில் இருக்கிறது.

அந்தப் பணம் எப்படிக் கீழே இறங்குகிறது என்று தெரிந்துகொண்டால் இது உங்களுக்கே விளங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியமும், ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளின் கூட்டமைப்பும் இணைந்து நடத்திய பண்பாட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளுக்கான பங்கு, மியூசிக் இன் ஆஃப்ரிகா அறக்கட்டளையும் கோதே நிறுவனமும் நடத்திய 'சவுண்ட் கனெக்ட்ஸ் ஃபண்ட்' வழியாகப் போனது. ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிக்கான பங்கு, நைரோபியில் இயங்கும், கலைத்துறைக்கு நிதி தரும் ஹேவா ஃபண்ட் பிரிட்டிஷ் கவுன்சிலுடன் சேர்ந்து நடத்திய 'இக்னைட் கல்ச்சர்' வழியாக வந்தது. இந்த இடைநிலை அமைப்புகள் பொது அறிவிப்பு வெளியிட்டு, விண்ணப்பங்களை வாங்கி, பெரும்பாலும் பதிவுபெற்ற நிறுவனங்களுக்கே பணம் கொடுத்தன. அந்த நிறுவனங்கள்தாம் பயிற்சி வகுப்புகளை நடத்தி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டன. இந்தச் சங்கிலியில் எந்தக் கட்டத்திலும் விண்ணப்பதாரரிடமிருந்து பணம் வாங்கும் இடமே கிடையாது. பணம் மேலிருந்து கீழே வருகிறது; கீழே இருப்பவரிடம் கேட்கப்படும் ஒவ்வொரு ஷில்லிங்கும் தரகருடைய சட்டைப்பைக்குத்தான் போகிறது.

இந்தத் தரகர்கள் கையாளும் முறை எப்போதும் ஒன்றுதான். முடிந்துபோன ஒரு திட்டத்தின் அறிவிப்பை எடுத்து, முத்திரைகளை அப்படியே விட்டுவிட்டு, தேதியை மட்டும் மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அல்லது ஸாம்பியாவுக்கும் மலாவிக்கும் உரிய திட்டத்தைக் கென்யாக்காரருக்கு விற்பார்கள். எனவே எந்த அறிவிப்பு வந்தாலும் மூன்றே விஷயங்களைப் பாருங்கள்: எந்தெந்த நாட்டினர் விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதி எந்த ஆண்டைச் சேர்ந்தது, அந்த அமைப்பின் சொந்த இணையதளத்தில் இதே அறிவிப்பு இருக்கிறதா. மூன்றாவதற்கு 'இல்லை' என்று விடை வந்தால் மற்ற இரண்டையும் பார்க்கவே தேவையில்லை.

"முடிந்ததும் வேலை" என்ற வாக்குறுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையான திட்டங்கள்கூட வேலையை உறுதி செய்வதில்லை; இதில் எனக்கு நெடுநாள் ஆதங்கம் உண்டு. ஆறு வாரமோ மூன்று மாதமோ வகுப்பு நடக்கும். சான்றிதழ் கொடுத்துப் புகைப்படம் எடுப்பார்கள். "இத்தனை பெண்கள் பயிற்சி பெற்றார்கள்" என்று அறிக்கை போகும். ஒரு வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் சம்பளத்துக்கு மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் திட்டம் மிகக் குறைவு. நிகழ்ச்சி இரவு ஒரு மணிக்கு முடிந்து, கேபிள்களைச் சுருட்டி வண்டியில் ஏற்ற இரண்டரை ஆகிறது. அந்த நேரத்தில் கயோலேவுக்குத் தனியாக மட்டாட்டு சிற்றுந்தில் ஏறிப்போ என்று ஒரு பெண்ணிடம் சொல்ல முடியாது. திரும்பிப் போகும் வண்டிச் செலவுக்கு ஒரு வரி ஒதுக்காத வரவுசெலவுத் திட்டம், பெண்களை உள்ளே கொண்டுவருகிறோம் என்று எத்தனை பக்கம் எழுதினாலும் அவர்களை வெளியேதான் நிறுத்தும். நிதி தருபவர்களிடம் இதைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள். அடுத்த வருடப் படிவத்திலும் அந்த வரி இருப்பதில்லை.

இனி அந்த ஒப்பந்தம். நீங்கள் அதன் நகலை அனுப்பவில்லை; ஆனால் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பவருக்கு ஒப்பந்தம் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் பாட்டு எழுதுகிறாள் என்பதை நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். எழுதும் பெண் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். இப்படிப்பட்ட தாள்களில் "மேலாண்மை" என்ற தலைப்பின் கீழ், இதுவரை எழுதியதும் இனி எழுதப்போவதுமான எல்லாப் பாடல்களின் உரிமையையும் மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்வார்கள். கென்யாவில் இதன் விலை என்னவென்று பாருங்கள். அங்கே கைப்பேசியில் அழைப்பவரின் காதில் மணிச்சத்தத்துக்குப் பதிலாக ஒலிக்கும் 'ஸ்கிஸா' பாட்டுகளின் வருமானத்தில் 52 சதவீதத்துக்குக் குறையாமல் கலைஞருக்கோ உரிமையாளருக்கோ போக வேண்டும் என்று 2022இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கலைஞர்கள் நெடுங்காலம் போராடிப் பெற்ற திருத்தம் அது. ஆனால் உரிமையைத் தரகர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த 52 சதவீதமும் சட்டப்படியே தரகருக்குப் போகும். ஒரே ஒரு பாட்டு தேவாலயங்களில் பரவிவிட்டாலும் 25,000 ஷில்லிங் அதன் முன்னால் ஒன்றுமில்லை.

பாட்டுக்கான பதிப்புரிமை, அது எழுதப்பட்டோ பதிவு செய்யப்பட்டோ ஓர் உருவம் பெற்ற நொடியிலேயே அவளுடையதாகிவிடுகிறது. யாரிடமும் பதிவுசெய்து வாங்க வேண்டியதில்லை. கென்யப் பதிப்புரிமை வாரியத்தில் பதிந்துவைத்தால் வழக்கு வந்தால் சான்றாக உதவும், அவ்வளவே. ராயல்டி வசூலிக்கும் சங்கங்களில் இப்போதே சேர வேண்டுமா என்று கேட்பீர்கள். அவசரம் வேண்டாம். 2019இல் அங்குள்ள இசைப் பதிப்புரிமைச் சங்கம் தன் உறுப்பினர்களுக்குப் பொதுப் பங்கீடாகத் தலா 2,530 ஷில்லிங் அனுப்பியதும், நாடு முழுவதும் கலைஞர்கள் கொதித்தெழுந்ததும் நினைவிருக்கலாம். அதன் பிறகு எந்தச் சங்கத்துக்கு வசூல் உரிமம் என்பதிலேயே வாரியத்துக்கும் சங்கங்களுக்கும் இடையே நீதிமன்றம் வரை இழுபறி நடந்திருக்கிறது. அலுவலகங்கள் சண்டையிடும் காலத்தில் பாட்டு எழுதியவர் காத்திருக்கிறார் என்பது பெரும் அநியாயம். சேரும் நாளில் எந்தச் சங்கத்துக்கு உரிமம் நடப்பில் இருக்கிறது என்று வாரியத்திடமே கேட்டுவிட்டுச் சேரட்டும்.

பணம் கேட்பவரெல்லாம் தரகர்தானா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு. இதில் பலர் குழம்பி நல்ல வாய்ப்பை இழந்திருப்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன். பெரிய நல்கைகள், அதாவது திட்டங்களுக்கென்று தரப்படும் நிதியுதவிகள், பெரும்பாலும் தனிநபருக்குக் கிடைப்பதில்லை என்றேன். நாளைக்கு இந்தப் பெண்ணும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து, தேவாலயங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒலிப்பயிற்சி நடத்துகிறோம் என்று ஒரு நல்கைக்கு விண்ணப்பிக்க நினைத்தால், அவர்களிடம் பதிவுபெற்ற அமைப்பும் தணிக்கை செய்த கணக்கும் இருக்காது. அப்போது ஏற்கெனவே பதிவுபெற்ற ஒரு தொண்டு நிறுவனம் அவர்களுக்காகப் பணத்தைத் தன் கணக்கில் வாங்கி, செலவுக்கு ரசீது சேர்த்து, நிதி தந்தவருக்குக் கணக்குக் காட்டலாம். இதற்காக அந்த நிறுவனம் நிர்வாகச் செலவு என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இது திருட்டு அல்ல, நேர்மையான ஏற்பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நல்கைகளிலேயே இத்தகைய பொதுச் செலவுக்கு, நேரடிச் செலவில் 7 சதவீதம் வரை என்று வழக்கமாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தரகருக்கும் இந்த நிறுவனத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இப்படிப் பாருங்கள். நிறுவனம் தன் பங்கை நல்கை வந்த பிறகு நல்கையிலிருந்து எடுக்கும். தரகர் நல்கை வருவதற்கு முன்பே உங்கள் வீட்டிலிருந்து எடுப்பார். நிறுவனத்தின் பங்கு, விண்ணப்பத்தோடு போகும் வரவுசெலவுத் தாளில் எல்லோரும் பார்க்க எழுதியிருக்கும். தரகருடைய பங்கு எந்தத் தாளிலும் இருக்காது. நிறுவனத்தைக் கென்யாவின் பொதுநல அமைப்புகளுக்கான பதிவேட்டில் தேடினால் கிடைக்கும். நிர்வாகப் பங்கு கேட்டுவிட்டார்களே என்று நல்ல அமைப்பைச் சந்தேகப்பட்டு ஒதுங்க வேண்டாம். அதேபோல "நிர்வாகச் செலவு" என்ற சொல்லைக் கேட்டதும் முன்பணத்தை நீட்டவும் வேண்டாம்.

அவள் இப்போது செய்ய வேண்டியது, தான் நான்கு வருடங்களாகச் செய்துவரும் வேலையைத் தாளில் காட்டுவது. தேர்வுக்குழுவினர் "எனக்கு ஒலியில் ஆர்வம் அதிகம்" என்ற வாக்கியத்தை எல்லா விண்ணப்பங்களிலும் படித்துச் சலித்திருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கான சேனல் பட்டியலை அவள் கையாலேயே எழுதட்டும்: ஒன்றாவது சேனலில் போதகரின் கம்பியில்லா மைக், இரண்டிலும் மூன்றிலும் முன்னணிப் பாடகர்கள், நான்கிலிருந்து ஏழு வரை பாடகர் குழு, எட்டில் கீபோர்டு, ஒன்பதில் பேஸ் கிடார், பத்திலிருந்து டிரம்ஸ் என்று, எந்த மைக், எந்த இடத்தில், எங்கே கூவல் சத்தம் வருகிறது, அதை எப்படிச் சரிசெய்கிறாள் என்பதோடு. பக்கத்தில் மேடையின் ஒரு வரைபடம். கைப்பேசியில் பதிந்த இரண்டு நிமிட ஒலித்துண்டு. போதகரிடமிருந்து ஒரு கடிதம். இந்த நான்கும் கையிலிருந்தால் தரகர் எதற்கு?

எங்கே கேட்பது என்றால், வெஸ்ட்லாண்ட்ஸில் இயங்கும் சந்தூரி அமைப்பு மின்னணு இசைக்கும் இசைத் தயாரிப்புக்கும் வகுப்புகள் நடத்துகிறது. 1944இல் தொடங்கிய கென்யா கன்சர்வேட்டரி வாசிப்பும் இசைக்கோட்பாடும் கற்பிக்கிறது. அங்கே கல்விக் கட்டணம் உண்டு, அதைப் பள்ளியின் கணக்கில் கட்டி ரசீது வாங்கலாம். கோரோகோச்சோவில் குப்பைமேட்டின் அருகே 2008இல் எலிசபெத் ன்ஜோரோகே தொடங்கிய 'கெட்டோ கிளாசிக்ஸ்' சிறுவர்களுக்கானது என்றாலும், வளர்ந்த மாணவர்களையே பயிற்றுநர்களாக்கும் இடம் என்பதால் நேரில் போய்ப் பேசிப் பார்க்கலாம். எதிலும் உடனே இடம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நேராகப் போய்க் கேளுங்கள் என்பதே என் ஆலோசனை.

பிற்காலத்தில் அவள் சொந்தமாக ஒலிபெருக்கி வாடகைத் தொழில் தொடங்கினால், அரசுக் கொள்முதலில் 30 சதவீதத்தை இளைஞர், பெண்கள், மாற்றுத்திறனாளிகளின் தொழில்களுக்கு ஒதுக்கும் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். அரசு விழாக்களுக்கு ஒலி அமைப்பது அங்கே நிலையான வேலை. பதிவு இலவசம்; அதற்கும் கட்டணம் கேட்டுத் தரகர்கள் வருவார்கள். வெளிநாட்டு மேடையில் வேலை என்று யாராவது வந்தால் இன்னும் கவனம் தேவை. பாடகி, நடனக்கலைஞர் என்று விசா எடுத்து அழைத்துப்போய் வேறு வேலையில் தள்ளிய கொடுமைகள் கென்யப் பெண்களுக்கு நேர்ந்திருக்கின்றன. தேசிய வேலைவாய்ப்பு ஆணையத்தின் பட்டியலில் இல்லாத முகவரிடம் கடவுச்சீட்டைக் காட்டவே கூடாது.

அனுப்பிய 3,000 ஷில்லிங் திரும்புமா என்பதுதான் மிச்சம். கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் எம்-பெசா சேவையில் தவறாகப் போன பணத்துக்கு, வந்த குறுஞ்செய்தியை உடனே 456க்கு அனுப்பினால் திருப்பிக் கேட்கலாம். ஒரு வாரம் ஆகிவிட்டதால் அவர் எடுத்திருப்பார், நம்பிக்கை குறைவுதான். ஆனாலும் அந்தக் குறுஞ்செய்தியை அழிக்க வேண்டாம். பணம் பெற்றவரின் பதிவுப் பெயர் அதில் இருக்கிறது. அந்தப் பெயரும் உங்களிடம் அவர் சொன்ன பெயரும் ஒன்றா என்று பார்த்து, வாட்ஸ்அப் உரையாடலையும் சேர்த்து, அவள் அம்மாவுடன் நீங்களும் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகாரைப் பதிவுசெய்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.